வீட்டைக் காணவில்லை என்று ஒரு விளம்பரம்

இணையத்தில் தேடுவது பற்றிப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் அடைப்பது, வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி போடுவது, ஒரே ஒரு தளத்துக்குள் மட்டும் தேடுவது, படத்தைக் கொடுத்து அதன் மூலத்தைக் கேட்பது எல்லாம் ஓர் அரை நாளில் படிந்துவிடும். உங்களில் பலருக்கு அவை என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது கேள்வியை முழு வாக்கியமாகக் கேட்டால் பதிலையும் பத்தியாகவே எழுதிக் கொடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் தமிழ்கூடப் பரவாயில்லை.

ஆகவே கருவிகளை விட்டுவிடுகிறேன். ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒருவரைச் சொல்ல வேண்டும். நான் நம் நாளிதழின் தகவல் சரிபார்ப்பு மேசைக்கு மாற்றப்பட்டபோது அங்கே ஓர் அம்மா இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சுங்கை வே என்ற ஊர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலையிலிருந்து நாற்றம் வருகிறது என்று ஒரு வாசகர் தொலைபேசியில் சொன்னார். உண்மையா, எங்கிருந்து என்று பார்க்க வேண்டும். நான் 'காற்று மாசு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டினேன். ஆய்வுக் கட்டுரைகள் வந்தன, அமைச்சர்கள் பேசியது வந்தது. அந்த அம்மா என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, 'பாவ் புசுக்' என்று மலாயில் போட்டார். நாற்றம், அவ்வளவுதான். கூடவே இடத்தின் பெயர். அரை மணி நேரத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதியது முதலில் வந்தது, அவர் வீட்டுத் தெருப் பெயரோடு.

"நீ கேக்குற மாதிரி கேக்காத. பதில் வச்சிருக்கிறவன் பேசுற மாதிரி கேளு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குத் திரும்பினார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அதுதான்.

அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து வந்தது அந்தக் காலை. எங்கள் அலுவலகம் அப்போது தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருந்தது. மோனோரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி லேசாக முனகும். படியேறி ஒரு பெரியவர் வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, காலில் குளியலறைச் செருப்பு. ஒரு கக்கத்தில் எங்கள் நாளிதழ், மறு கக்கத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலம். வலக்கை விரலில் ஒரு சாவிக்கொத்தை வளையமாக மாட்டியிருந்தார்.

அந்நேரத்தில் அலுவலகத்தில் நானும் மாலதி என்ற இளம் நிருபரும் மட்டும் இருந்தோம்.

"விளம்பரம் எங்கம்மா எடுக்கிறாங்க?" என்று மாலதியிடம் கேட்டார்.

"என்ன விளம்பரம், அங்கிள்?"

"வீட்டக் காணோம். அதப் போடணும்."

மாலதி சிரித்துவிட்டாள். "வீடு எப்படி அங்கிள் காணாமப் போகும்? நீங்கதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் இங்கதானம்மா நிக்கிறேன்" என்றார் அவர், பொறுமையாக. "வீடுதான் இல்ல."

நாற்காலி கொடுத்தோம். உட்கார்ந்ததும் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார்: "என் சம்சாரம் உள்ள இருக்கா. பக்கவாதம் வந்ததிலேர்ந்து எழுந்திரிக்க மாட்டா. கிரில்லப் பூட்டிட்டு ரொட்டி வாங்க வந்தேன். சாவி இங்க இருக்கு பாருங்க."

அதன்பின் மாலதி சிரிக்கவில்லை.

அவரிடம் கைத்தொலைபேசி இல்லை, வீட்டில் சார்ஜில் போட்டிருக்கிறதாம். எண் நினைவில் இல்லை, எந்த பஸ்ஸில், எந்த ரயிலில் வந்தார் என்பதும் இல்லை. ஒரே மகன், கப்பலில் வேலை, பெயர் குமார். இந்த நாட்டில் குமாரைத் தேடுவது கடற்கரையில் மணலைத் தேடுவது போல. ஆனால் சட்டைப்பையில் ஐசி இருந்தது. மாலதி அடையாள அட்டையின் முகவரியை வரைபடத்தில் போட்டாள். கண் இமைக்கும் நேரத்தில் செந்தூல் பகுதியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. எவ்வளவு நிச்சயமாக விழுந்தது தெரியுமா? நாங்கள் இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். சுற்றுக்காவல் வண்டி ஒன்று அந்தப் பக்கம்தான் இருந்தது. சிறிது நேரத்தில் திரும்ப அழைத்தார்கள். அங்கே பெரிய கொண்டோமினியம் ஒன்று நிற்கிறது. அந்த முகவரியில் இருந்த ரயில்வே குடியிருப்பை எப்போதோ இடித்துவிட்டார்கள். வண்டியில் போனவர் கணக்குப்படி, பெரியவரின் வீடு இருந்த இடத்தில் இப்போது நீச்சல்குளம். பெரியவர் ஐசியில் முகவரியை மாற்றவே இல்லை. நம் ஆட்களில் பாதிப் பேர் மாற்றுவதில்லை. தாங்களும் விசாரிப்பதாகவும் அவரை அங்கேயே உட்கார வைத்திருக்கும்படியும் காவல்துறையினர் சொன்னார்கள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட முகவரிக்குச் சரியான இடத்தைத்தான் காட்டியது. பழைய உண்மையைக் கேட்டால் பழைய உண்மை கிடைக்கும், அதே வேகத்தில், அதே சிவப்பு நிறத்தில்.

பிறகு நாங்கள் செய்தது சரியான வேலைபோலத் தோன்றியது. வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டோம். அவர் சொன்னார். விடியும்போது ரயில் பட்டறைச் சங்கு ஊதும். வாசலுக்கு நேரே திடல், திடலின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரம், மாலையில் அதன் இலைகள் மூடிக்கொள்வதைப் பார்த்தே விளக்கு ஏற்றுவார்கள். மழை பெய்தால் தண்டவாளத்திலிருந்து ஆவி எழும்பும். அந்த ஆவிக்குள் ஆட்கள் வேலை முடிந்து இடுப்புக்குக் கீழே இல்லாதவர்கள் போல நடந்து வருவார்கள். மாலதி செந்தூலின் பழைய படங்களைச் சேகரிக்கும் பக்கங்களைத் திறந்தாள். ஒவ்வொரு படத்தையும் அவர் தொட்டார். இந்தச் சுவர், இந்த வளைவு, இந்தத் தண்ணீர்க் குழாய். திரை அவர் விரலில் வெளிச்சத்தை ஏற்றியது. நாங்களும் அந்த ஆவிக்குள் போய்விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். சன்னல் முனகியதும்தான் விழித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் எங்கோ கரைந்திருந்தது. கேட்டதெல்லாம் அழகாக இருந்தது, எதற்கும் உதவவில்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இடிக்கப்பட்ட வீட்டை. பூட்டிய வீடு வேறெங்கோ இருந்தது.

கீழேயிருந்து தேத்தண்ணீர் வந்தது. பெரியவர் கோப்பையோடு சன்னலருகே போய் வெளியே பார்த்தார். யாரிடமும் சொல்லாமல், தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்: "இங்கயாச்சும் புறா இல்ல."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். செந்தூலைப் பற்றிப் பேசிய நேரம் முழுவதும் அவர் ஒன்றையும் குறை சொல்லவில்லை. இது முதல் குறை.

"புறா என்ன பண்ணும், ஐயா?"

"என்ன பண்ணுமா? மேல் மாடியில ஒருத்தன் சோத்தக் கொட்டுறான் தம்பி, புண்ணியமாம். புண்ணியம் அவனுக்கு, எச்சம் எங்க துணிக்கு." அவர் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது. "லிப்ட் எங்க மாடியில நிக்காது. ஒரு மாடி மேல போயி எறங்கி வரணும். கேட்டா, மெசின் பாகம் வரணும்லாங்கிறான். எந்த ஊர்லேர்ந்து வருதோ. விடியக்காலையில கொண்டெய்னர் லோரிய வரிசையா நிப்பாட்டி இஞ்சின ஓட விடுறானுங்க. அவளுக்கு அப்பத்தான் கண்ணு அசரும்."

நினைவு தளர்ந்தவர்களைப் பற்றி எனக்கு மருத்துவ அறிவு கிடையாது. ஆனால் செய்தி மேசையில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: மக்கள் பழையதைப் புகழ்வார்கள், இன்றையதைத்தான் திட்டுவார்கள். புகழ்ச்சி பல ஆண்டுகள் தாங்கும். எரிச்சல் அன்றன்று காலையில் புதிதாகப் பிறக்கும். அவர் எங்கே வாழ்கிறார் என்பதை அவருடைய ஏக்கம் சொல்லாது, எரிச்சல் சொல்லும்.

மாலதி வேகமாகத் தட்டினாள். தமிழில் புறாவின் உணவுப் பழக்கம் வந்தது. ஆங்கிலத்தில் கொண்டெய்னர் நிறுவனங்களும், ரயில் நிலையத்துக்கு அருகில், முதலீட்டுக்கு உகந்தது என்று பளபளக்கும் வீட்டு விற்பனை விளம்பரங்களும் வந்தன. எனக்குச் சரிபார்ப்பு மேசை அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. நம் ஊரில் ஒரே கட்டடம் மூன்று மொழிகளில் வாழ்கிறது. அதை விற்பவர் ஆங்கிலத்தில் எழுதுவார். அதன் கீழுள்ள சிறு கோயிலுக்குத் திருவிழா வந்தால் தமிழில் எழுதுவார்கள். லிப்ட் கெட்டுப்போனால், சீனரானாலும் தமிழரானாலும், நகராண்மைக் கழகத்துக்குக் காட்ட வேண்டுமென்று மலாயில்தான் எழுதுவார்கள். ஒரு மொழியில் தேடினால் அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கம்தான் தெரியும். தமிழ்ப் பத்திரிகைக்காரர்களான நாங்கள் தமிழருக்குத் தமிழில் தேடினோம், அவசரத்துக்கு ஆங்கிலத்தில் தேடினோம்.

நான் 'லிஃப் ரோசாக்' என்று போட்டேன். லிப்ட் பழுது. கூடவே புறாவுக்கும் அடுக்குமாடிக்கும் மலாய்ச் சொற்கள். கூட்டமாக வந்து விழுந்தது. தலைநகரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க லிப்ட்டுகள் நின்றுகொண்டும் புறாக்கள் பறந்துகொண்டும் இருந்தன.

முதலில் பொருந்தியது காஜாங்கில் ஓர் அடுக்குமாடி. புறா இருந்தது, சில மாடிகளில் நிற்காத லிப்ட் இருந்தது. மாலதி கார்ச் சாவியை எடுத்துவிட்டாள்.

"லோரி?" என்று கேட்டேன்.

"மூணுல ரெண்டு சரியா இருக்கே, சார். அவங்க தனியா இருக்காங்க. இங்க உக்காந்து எத்தன நேரம்தான் தட்டிக்கிட்டிருக்கிறது?"

அவள் சொன்னது நியாயம். அவளுடைய கோபமும் நியாயம். ஆனால் மூன்றில் இரண்டு பொருந்துவதுபோல ஆபத்தானது வேறில்லை. ஒன்றுமே பொருந்தாவிட்டால் நாம் மேலே தேடுவோம், இரண்டு பொருந்தினால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவோம். காஜாங் ஒரு திசை. கொண்டெய்னர் லோரிகள் உறங்கும் துறைமுகப் பக்கம் நேர் எதிர்த்திசை. தவறான திசையில் போனால் பெரியவரின் வீட்டுச் சாவியும் அவளோடு போய்விடும். இந்தக் கோப்பை தேநீர் முடியும்வரை பொறு என்றேன். அவள் உட்காரவில்லை, ஆனால் போகவுமில்லை.

லோரியையும் சேர்த்து, துறைமுக ஊரான கிள்ளான் என்று போட்டுத் தேடியதில் குடியிருப்பாளர் குழு ஒன்றின் பக்கம் கிடைத்தது. அண்மையில் எழுதிய புகார். தகரக் கூரையில் வரிசையாகப் புறாக்கள், சாலையோரம் கொண்டெய்னர் லோரிகள், லிப்ட் கதவில் ஒட்டிய தாள், மூன்றுக்கும் படம். கீழே குழுவின் செயலாளரான ஒரு மலாய்ப் பெண் தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்.

வரைபடத் தளத்தில் சாலையிலிருந்து எடுத்த படங்களைத் திறந்து அந்த அடுக்குமாடியைப் பெரியவருக்குக் காட்டினேன். உங்களுக்கு அந்தப் படங்கள் பழக்கம். எனக்கு இன்றும் அவை கனவுபோலத்தான். அங்கே எப்போதும் நண்பகல். முகங்கள் பனி படிந்ததுபோல மங்கியிருக்கும். ஒரு சந்தில் திரும்பினால் ஓராண்டு கழிந்திருக்கும், சாலையைக் கடந்தால் கழிந்த ஆண்டு திரும்ப வந்திருக்கும். ஒலியே இல்லாத வெயில்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "யாரு வீடு இது?"

மாலதி தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். நான் அந்தப் படத்தையே திரும்பப் பார்த்தேன். பின்பு யோசித்தேன். இந்தப் படத்தை எடுத்தது சாலையில் போன ஒரு கார். அது வழிப்போக்கனின் பார்வை. தன் வீட்டை யார் வழிப்போக்கனாகப் பார்க்கிறார்? நமக்கெல்லாம் நம் வீடு என்பது, அங்கே நின்று பார்த்தால் எதிரே தெரிவதுதானே.

படத்தை மெல்லச் சுழற்றி, கட்டடத்துக்கு முதுகைக் காட்டும்படி நிறுத்தினேன். எதிர்வரிசைக் கடைகள் வந்தன. ஒரு மோட்டார் பட்டறை, வாசலில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி, சாலை நெடுக ஓடும் சோப்புத் தண்ணீர்.

"இந்தா இருக்கான்" என்றார் பெரியவர். கோபத்தோடு விரலால் திரையைக் குத்தினார். "இவன்தான் தம்பி. மோட்டாரக் கழுவி ரோட்ல விட்டு, நான் வழுக்கி விழப் பாத்தேன். கேட்டா, பாத்துப் போங்க அங்கிள்ங்கிறான்."

அங்கிருந்து படத்தை மறுபடியும் கட்டடத்தின் பக்கம் திருப்பினேன். இப்போது அவருக்குத் திசை கிடைத்துவிட்டது. படிக்கட்டிலிருந்து விரலை நகர்த்தி, மூன்றாவது மாடியின் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார். நான் படத்தைப் பெரிதாக்கினேன். தாழ்வாரக் கொடியில் துணி. பக்கத்தில் ஒரு பெண், ஒரு கையை உயர்த்தி எதையோ காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகம் மங்கியிருந்தது. சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது, மாம்பழ மஞ்சள்.

அவர் திரைக்கு இன்னும் அருகில் குனிந்தார்.

"நிக்கிறா" என்றார். "பாருங்க, எழுந்து நிக்கிறா."

படத்தின் மூலையில் அதை எடுத்த ஆண்டு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தையது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மாலதியிடம் கண்ணால் காட்டினேன். அவள் ஏற்கெனவே செயலாளரின் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாள்.

படம் பழையது, ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. பெரியவரின் எரிச்சல் புதியது, ஆனால் அவருடைய நினைவை மட்டும் நம்ப முடியாது. புகார்ப் பக்கம் புதியது, ஆனால் அதில் அவர் பெயர் இல்லை. ஒன்றையொன்று அறியாத மூன்றும் ஒரே வாசலைக் காட்டின. அதன் பிறகும் ஒரு மனிதர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தேடலின் கடைசிப் படி எப்போதும் அதுதான்.

மாலதி விவரம் சொன்னதும் செயலாளர் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவருடைய மூச்சிரைப்பும், நடுவில் லிப்ட்டை மலாயில் திட்டுவதும் எங்களுக்குக் கேட்டன. கிரில் கம்பியைத் தட்டும் ஓசை. பிறகு, "ஆடா, ஆடா" என்றார். இருக்கிறார், இருக்கிறார். கூடத்திலேயே கட்டில், தன்னைப் பார்த்துவிட்டார், பேசுகிறார், தண்ணீர்ப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பயந்திருக்கிறார் என்று சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன்கள் பூட்டை அறுக்கக் கருவி கொண்டு வருவதாகவும் சொன்னார்.

பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது, தமிழில், நாக்கு கொஞ்சம் புரளும் குரல். அறுக்க வேண்டாம் என்றது. செயலாளருக்குப் புரியவில்லை, தொலைபேசியைக் கம்பிக்குள் நீட்டியிருக்க வேண்டும்.

"பூட்ட உடைக்காதீங்க" என்றது அந்தக் குரல். "பூட்டு இல்லன்னா அவருக்கு இது நம்ம வீடுன்னே தெரியாமப் போயிரும்."

மாலதி தொலைபேசியைப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு மாலதியின் காரில் கிளம்பினோம். அறையை விட்டு வெளியேறும்போது பெரியவர் என் மேசைத் திரையிலிருந்த படத்தின் பக்கம் திரும்பி, "தம்பி, அத அணைச்சிராதீங்க" என்றார். சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை.

வழியெல்லாம் அவர் சாவிக்கொத்தை விரலில் மாட்டியபடியே இருந்தார். சாலையை ஒட்டிய கட்டடங்களெல்லாம் அந்தப் படங்களில் வருவதுபோல ஒலியில்லாமல் நகர்ந்தன. கிள்ளான் வந்ததும் நீலத் தொட்டியைப் பார்த்து அவரே வழி சொன்னார். நான்காவது மாடிக்கு லிப்ட்டில் போய், ஒரு மாடி இறங்கி வந்தோம். தாழ்வாரத்தில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள், செயலாளர் கம்பியைப் பிடித்தபடி இன்னமும் உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் பெரியவருக்கு வழி காட்டவில்லை. வேண்டுமென்றேதான். அவர் கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேர்ந்தெடுத்தார். அது சுழன்றது. பூட்டு திறந்துகொண்டது. அதைக் கையில் எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, "இதான்" என்றார்.

உள்ளேயிருந்து, "ரொட்டி வாங்கப் போனீங்களே, வாங்குனீங்களா?" என்று கேட்டது அந்தக் குரல்.

ரொட்டி அவர் கக்கத்தில்தான் இருந்தது, நசுங்கிப்போய்.

அன்றே மகனுக்குத் தகவல் போனது. மாற்றுச் சாவி ஒன்றைச் செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார், பெரியவரின் சட்டைப்பைக்குள் ஓர் எண்ணைத் தைத்தும் கொடுத்தார். மறுவாரம் பெரியவர் அலுவலகத்தை அழைத்து, வீடு கிடைத்துவிட்டது என்றும் விளம்பரம் போட வேண்டும், அதுதானே முறை என்று மாலதியிடம் வாதாடியிருக்கிறார். போடாத விளம்பரத்துக்கு மறுப்பு போட முடியாது அங்கிள் என்று சொல்லி அவரைச் சமாளித்தாளாம்.

அன்று நாங்கள் அலுவலகம் திரும்பும்போது மாலை. வேறு வேலைகள் குவிந்திருந்தன. யாரோ விளக்கைப் போட்டார்கள். என் மேசையில் திரை இருண்டு கிடந்தது. பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்து சுட்டியை மெல்ல அசைத்தேன்.

கிள்ளானில் நண்பகல். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில், மாம்பழ மஞ்சள் சேலையில், பெரியவரின் மனைவி கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார்.